மூன்றாம் அலமாரிக் காந்தக்கல்

போன மாதம், நான் வேலை பார்த்த கனிமக் காட்சிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இருவரும் இளவயது, இருவரும் கோட்டு போட்டிருந்தார்கள். யுத்தம் வந்த பிறகு எல்லோருக்கும் இரும்பின்மேல் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. மைசூர் ராஜ்யத்தின் குன்றுகளையெல்லாம் யார் யாரோ சுத்தியலும் கையுமாகத் தட்டிப் பார்க்கிறார்களாம். தட்டி எடுத்த கல்லெல்லாம் மூட்டை மூட்டையாகக் கூடத்துக்கு வந்து சேருகிறதாம்.

"மேக்னடைட்டை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பாதுகாப்பது என்று நாலு பக்கம் எழுதித் தாருங்கள் சார். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்" என்றார் உயரமானவர்.

"இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"காந்தம் ஒட்டினால் மேக்னடைட் சார்."

"குதிரை லாடத்திலும்தான் ஒட்டும். அதையும் அலமாரியில் வைத்து லேபிள் ஒட்டிவிடுவீர்களா?"

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதியும்விட்டேன். அவர்கள் எதிர்பார்த்த நாலு பக்கம் இதுவல்ல என்பது எனக்குத் தெரியும்.

என் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். நான் இன்டர்மீடியட்டில் தோற்றேன். தோற்றவனுக்கு எந்த இலாகாவில் இடம் கிடைக்கும் என்று அப்பா விசாரித்ததில் கனிமக் கூடம் கிடைத்தது. முதல் மூன்று வருஷம் தூசி தட்டினேன், எண் எழுதினேன், அலமாரிக் கண்ணாடி துடைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. தூசி தட்டும்போது கல்லைப் பார்த்தேன் என்பதுதான் எனக்கும் மற்ற அட்டெண்டர்களுக்கும் இருந்த வித்தியாசம். நாலாவது வருஷத்தில் மாதிரிகளின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தகுதி பார்த்துக் கொடுக்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

மேக்னடைட் என்பது காந்த இரும்புக்கல். பார்க்கக் கறுப்பாக இருக்கும். மைசூரைச் சுற்றிக் கறுப்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன் வீட்டுக்குப் போகலாம். முதலில் கையில் எடுங்கள். அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். பிறகு மெருகிடாத பீங்கான் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கோடு கறுப்பாக விழுந்தால் மேலே போகலாம். செக்கச்செவேலென்று விழுந்தால் அது ஹெமடைட். காப்பித்தூள் நிறத்தில் விழுந்தால் பெரும்பாலும் குரோமைட். நஞ்சன்கூடு சாலைப் பக்கம் கிடைக்கிறது, பார்வைக்கு மேக்னடைட்டின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். அதற்குப் பிறகுதான் காந்தம்.

காந்தம் ஒட்டுகிற கல் வேறு, தானே காந்தமாக இருக்கிற கல் வேறு. இது கோட்டுப் போட்டவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு திசைகாட்டியை மேஜைமேல் வைத்து, கல்லைத் தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவர வேண்டும். சாதாரண மேக்னடைட் முள்ளின் இரண்டு முனைகளையும் இழுக்கும். காந்தக்கல் அப்படிச் செய்யாது. அதன் ஒரு மூலை முள்ளின் வடமுனையை இழுக்கும், எதிர் மூலை அதே முனையைத் தள்ளும். தள்ளுவதுதான் சாட்சி. அவசரப்பட்டு வேகமாகக் கொண்டுபோனால் முள் சுழன்று திரும்பிக்கொண்டு உங்களை முட்டாளாக்கும். எத்தனையோ பட்டதாரிகள் என் கண்முன்னால் அப்படி ஆகியிருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் அப்படிப்பட்ட காந்தக்கல் ஒன்றே ஒன்று இருந்தது. மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு. அரைத் தேங்காய் அளவு. ஒரு பக்கம் பட்டை தீட்டியதுபோன்ற முக்கோண முகங்கள், உச்சி மட்டும் உடைந்திருக்கும். குறுக்கே நூல்போல ஒரு வெள்ளைப் படிகக் கோடு. அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சிறு புள்ளி, அதன்மேல் எண். பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் குண்டூசியும் இரும்பு அரத்தூளும் போட்டு விளையாடுவார்கள். பெரிய மனிதர்கள்தான் அதிகம் போடுவார்கள். அரத்தூள் கல்லின் பள்ளங்களில் அடைந்துகொண்டால் துடைத்தால் வராது, தண்ணீர் பட்டால் துருவாகிக் கல்லையே கெடுக்கும். நான் பிசைந்த கோதுமை மாவை உருட்டி, கல்லின்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பேன். பிறகு உலர்ந்த மயிர்த் தூரிகை. தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, வார்னிஷ் கூடவே கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது, சுத்தியலால் தட்டக் கூடாது, காந்தம் போய்விடும். அந்தக் கல்லைப் படம் வரைந்து, எந்த மூலை இழுக்கும், எந்த மூலை தள்ளும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

இனி எங்கள் சூப்பரிண்டெண்ட் ராகவேந்திர ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கெட்டவரல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். சரிகைத் தலைப்பாகை, அங்கவஸ்திரம், தங்கச் சங்கிலிக் கடிகாரம். காலையில் சரியான நேரத்துக்கு வருவார். அலமாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடப்பார். நின்று நின்று லேபிள்களைப் படிப்பார். எழுத்துப் பிழை இருந்தால் என்னைக் கூப்பிடுவார். லேபிள் சாய்ந்திருந்தால் விரலால் நேராக்குவார். பதினோரு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒரு கல்லை அவர் கையால் எடுத்து நான் பார்த்ததில்லை. எடுக்க வேண்டி வந்தால் கைக்குட்டையை விரித்து, "இதில் வையய்யா" என்பார். பெரிய மனிதர்கள் வந்தால், லேபிளை ஓரக்கண்ணால் படித்துக்கொண்டே கல்லைப் பார்த்துப் பேசுவார். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அந்தப் பதினோராவது வருஷம் தசராப் பொருட்காட்சிக்கு எங்கள் கூடத்திலிருந்து சில மாதிரிகள் போயின. காந்தக்கல்லும் போயிற்று. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஜனங்கள் குண்டூசி ஒட்டுவதைப் பார்க்க ஆசைப்படுவார்கள்" என்றார் ராவ். நான் அம்மாவின் வேண்டுதலுக்காக அவளை மாதேஸ்வரன் மலைக்கு அழைத்துப்போக லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பொருட்காட்சி முடிந்து, கற்களெல்லாம் அலமாரிக்குத் திரும்பியிருந்தன.

மூன்றாம் அலமாரியைத் திறந்தேன். எங்கள் லேபிளுக்குப் பின்னால் வேறொரு கல் உட்கார்ந்திருந்தது. கறுப்பு, கனம், ஏறக்குறைய அதே அளவு. தகட்டில் இழுத்தேன். காப்பித்தூள் நிறம். திசைகாட்டியின் முள்ளும் அசையவில்லை.

ராவிடம் ஓடினேன். அவர் தபால்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்வாமி, காந்தக்கல் மாறியிருக்கிறது."

"லேபிள் இருக்கிறதா?"

"லேபிள் இருக்கிறது. கல்தான் இல்லை."

"என்னய்யா உளறுகிறாய், ரங்கசாமி? நானே முன்னால் நின்று வாங்கி வைத்தேன். சாவுகார் மல்லப்பா தன் மோட்டாரிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். நானும் கூடவே வந்தேன்."

சாலைகளுக்கு ஜல்லி சப்ளை செய்கிற சாவுகார் அவர். பொருட்காட்சியில் எங்களுக்கு அடுத்த கடை அவருடையது. மோட்டாரில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த சுகம் ராவின் முகத்தில் அப்போதும் மிச்சமிருந்தது.

"முள்ளைத் தள்ளவில்லை ஸ்வாமி. இழுக்கக்கூட இல்லை."

"மோட்டாரில் குலுங்கியிருக்கும். காந்தம் களைத்திருக்கும்."

"கோட்டின் நிறமுமா களைத்துப்போகும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "லேபிளில் இருப்பது என் கையெழுத்து. போய் வேலையைப் பார்" என்றார்.

போய் வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது? கல்லை யார் திருடுவார்கள், எதற்காகத் திருடுவார்கள் என்றுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் கிடந்த துண்டில் கற்களை முடிந்து கொண்டுவந்திருந்தார். வாசல் சேவகன் கன்னடத்தில் விரட்ட, அவர் தமிழில் கெஞ்ச, நான் போய் உள்ளே அழைத்துவந்தேன். பெயர் கருப்பண்ணன். பூர்வீகம் மைசூர் எல்லைக்கு அப்பால் ஹனூர்ப் பக்கம். அவர் பாட்டன் காலத்தில் எல்லையைத் தாண்டி மைசூர்ச் சீமைக்குள், சாமராஜநகருக்குக் கிழக்கே ஒரு கரட்டடியில், அதாவது சிறு பாறைக்குன்றின் அடியில், குடியேறியவர்கள்.

"எங்க கரட்டுல இரும்பு இருக்குதுன்னு சொல்லிக் குறிக்கல்லு நட்டுப்போட்டாங்க சாமி. மல்லப்பா சாவுகாரோட ஆளுங்க. கரடு அவருக்கு வந்துட்டா நாங்க ஊட்டைக் காலி பண்ணோணுமாம். இருபது குடும்பமுங்க. ஆடு மாடு மேயறது அதுலதான், கெணத்துக்குத் தண்ணி வாரது அதுலதான். நெசமாவே இரும்பு இருக்குதுங்களா? அதத் தெரிஞ்சுக்கலாம்னுதான் நாலு பக்கமும் பொறுக்கியாந்தனுங்க."

துண்டை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கறுப்புக் கல்தான், ஆனால் கையில் கனமில்லை, தகட்டில் சாம்பல் பச்சையாகக் கோடு, முள் அசையவே இல்லை. ஜல்லிக்கு ஆகும். வேறெதற்கும் ஆகாது.

"இதில் எடுக்கிற மாதிரி இரும்பு இல்லைங்க" என்றேன்.

கருப்பண்ணன் கண்ணை மூடித் திறந்தார். "அத ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க சாமி. தாலூகா அமல்தார்கிட்டக் காட்டறேன்."

காகிதம் கொடுக்கிற அதிகாரம் எனக்கில்லை. சூப்பரிண்டெண்ட்தான் கொடுக்கலாம். சூப்பரிண்டெண்டோ விண்ணப்பமும் கட்டணமும் இல்லாத கல்லைத் திரும்பியும் பார்க்க மாட்டார். இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்: "பார்க்கலாம்."

மறு வாரமே சாவுகார் மல்லப்பா வந்தார், விண்ணப்பத்தோடும் கட்டணத்தோடும் ஒரு பட்டுத் துணி மூட்டையோடும். கரட்டில் தோண்டியபோது கிடைத்ததாம். உயர்ந்த ரக இரும்புக்கல் என்று கூடம் சான்று கொடுத்தால் குத்தகை கிடைப்பதில் தடையிருக்காது. ராவ் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. சோதனைக்காக மூட்டை என் மேஜைக்கு வந்தது.

அவிழ்த்ததும் தெரிந்துவிட்டது. முக்கோண முகங்கள், உடைந்த உச்சி, வெள்ளைக் கோடு. அடியில் எண் இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். ஆனால் பள்ளத்துக்குள் கடுகளவு வெள்ளைப் பெயிண்ட் மிச்சமிருந்தது. இருந்தும் முறைப்படி எல்லாம் செய்தேன். எடை பார்த்தேன். கோடு இழுத்தேன், கறுப்பு. திசைகாட்டியை வைத்து மெதுவாகக் கொண்டுபோனேன். நோட்டில் குறித்திருந்த மூலை தள்ளியது, குறித்திருந்த மூலை இழுத்தது. மற்றவர்கள் திருடினால் வேறு ஊரில் விற்பார்கள். இந்த மனிதர் திருடிய கல்லைத் திருடிய வீட்டுக்கே கொண்டுவந்து சான்று கேட்கிறார். எங்கள் சூப்பரிண்டெண்டை அவர் அவ்வளவு சரியாக எடை போட்டிருந்தார்.

சாவுகார் போன பிறகு, கல்லையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ராவின் அறைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன், பெயிண்டைக் காட்டினேன். அவர் கல்லை எட்ட இருந்தே பார்த்தார்.

"இது மேக்னடைட்தானே?"

"ஆமாம் ஸ்வாமி. நம்முடைய மேக்னடைட்."

"மேக்னடைட்டா, இல்லையா? அதை மட்டும் சொல். எங்கிருந்து வந்தது என்பதை விண்ணப்பம் சொல்கிறது."

"விண்ணப்பம் பொய் சொல்கிறது."

"ரங்கசாமி, ஒரு கறுப்புக் கல்லைப்போல இன்னொரு கறுப்புக் கல் இருக்காதா? பெரிய மனிதர்மேல் பழி போடுகிறாய். நம் கல் அலமாரியில் இருக்கிறது, லேபிளோடு." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதை நாலு துண்டாக உடை. பெங்களூருக்கு ஒன்று, தாலூகாக் கச்சேரிக்கு ஒன்று, சாவுகாருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. நாளைத் தபாலில் போக வேண்டும்."

உடைத்தால் காந்தம் கெடும், உச்சி போகும், வெள்ளைக் கோடு சிதறும், பெயிண்ட் எந்தத் துண்டோடு போகுமோ தெரியாது. கருப்பண்ணனின் இருபது வீடுகளும் அந்த நாலு துண்டோடு போய்விடும். மனிதர் இதையெல்லாம் யோசித்து உத்தரவிடவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சாவுகாரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. ஒரு மோட்டார் சவாரி, ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். சுத்தியலை எடுத்து வைத்தேன். உத்தரவை மீறினால் வேலை போகும். வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். நான் வீரன் இல்லை, அப்படி இருந்ததாக இப்போது கதை கட்டவும் மாட்டேன். ஆனால் பதினோரு வருஷம் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எதைக் கண்டு பயப்படுவார் என்று தெரிந்துவிடும். கல்லைக் கண்டு அவருக்குப் பயமில்லை. காகிதத்தைக் கண்டுதான் பயம்.

ஒரு தாள் எடுத்து நல்ல கையெழுத்தில் எழுதினேன்: "நமது கூடத்தின் மூன்றாம் அலமாரியைச் சேர்ந்த காந்தக்கல், எண் சுரண்டப்பட்ட நிலையில், சாவுகார் மல்லப்பாவால் தமது கரட்டில் கிடைத்ததாகக் கொண்டுவரப்பட்டது. அடையாளங்கள் இணைப்பில். சூப்பரிண்டெண்டின் உத்தரவுப்படி இக்கல் இன்று உடைக்கப்படுகிறது." கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே அவர் கையெழுத்துக்கு இடம். சோதனைப் பதிவேட்டிலும் அதன் நகலை எழுதினேன். தாளையும் கல்லையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"உடைக்கிறேன் ஸ்வாமி. மாதிரியை உடைத்தால் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் விதி போட்டிருக்கிறீர்கள். ஒரு கையெழுத்து."

அவர் படித்தார். லேபிள் படிக்கிற மாதிரியே, நிதானமாக, வரிக்கு வரி. பேனாவை எடுத்தார். நிப்பை மையில் தொட்டார். பேனா தாளுக்கு மேலே நின்றது. கல் அவருக்கு முன்னால் மேஜைமேல் இருந்தது. கல் சொல்லி நம்பாதவர், அதையே தாள் சொன்னதும் நம்பினார். முகம் வெளுத்தது.

"பதிவேட்டிலும் எழுதிவிட்டாயா?"

"எழுதிவிட்டேன்."

பேனாவைத் துடைத்து வைத்தார். "உடைக்க வேண்டாம். வை" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் காந்தக்கல்லும் இல்லை, திருட்டும் இல்லை. மாதிரியை மட்டும் வைத்து முடிவு செய்வது உசிதமல்ல, தகுந்த அதிகாரி ஒருவர் கரட்டை நேரில் பார்வையிடுவதே விவேகம் என்று எழுதியிருந்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அரை நாள் கரட்டில் ஏறி இறங்கினார், இரண்டு வரியில் அறிக்கை கொடுத்தார். சாவுகாரின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவருக்கு வேறெதுவும் ஆகவில்லை. அடுத்த வருஷமும் ஜல்லி அவர்தான் சப்ளை செய்தார். சூப்பரிண்டெண்டின் முன்யோசனையை மேலிடம் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியது. அதை அவர் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார். மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்ததற்காக எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. கற்களிடமிருந்து என்னைப் பிரித்து, காகிதமும் மையும் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள். போகுமுன் காந்தக்கல்லை மூன்றாம் அலமாரிக்கு நான்தான் திருப்பி வைத்தேன். குரோமைட்டை வெளியே எடுத்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சேவகன் ஸ்டேஷனரி அறைக்கு வந்தான். "சூப்பரிண்டெண்ட் கூப்பிடுகிறார். தமிழ் பேச ஆள் வேண்டுமாம்."

கருப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி. தரையில் ஒரு மூட்டை ராகி, ஒரு படிக் கொள்ளு, ஒரு குடுவைத் தேன். என்னைக் கண்டதும் கருப்பண்ணன் தலையசைத்தார், அவ்வளவுதான். பிறகு இருவருமாக ராவின் காலில் விழுந்தார்கள்.

"என்ன சொல்கிறான்?" என்றார் ராவ், பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு.

"நீங்கள் அதிகாரியை அனுப்பி வைத்ததால் இருபது குடும்பம் பிழைத்தது என்கிறார். ஊரில் எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்களாம்."

ராவ் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "என் கடமையைத்தான் செய்தேன் என்று சொல்."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ராவ் கைக்குட்டையை விரித்துத் தேன் குடுவையை வாங்கிக்கொண்டார்.

வாசல்வரை அவர்களோடு நடந்தேன். கருப்பண்ணன் படியில் நின்று திரும்பினார்.

"ஏனுங்க சாமி, நீங்களும் இந்த எடத்துலதான இருக்கறீங்க? நம்ம பாசை பேசறவரு. பார்க்கலாம்னு சொல்லி அனுப்புனீங்க. நம்பிப் போனேன். ஒண்ணும் பார்க்கலீங்களே. பாசை தெரியாத அந்த மகராசந்தானே பார்த்தாரு."

உள்ளே ராவ் யாரிடமோ கன்னடத்தில் தேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சொல்ல எனக்கு வாய் இருந்தது. பதிவேட்டில் எழுத்தும் இருந்தது. அதைத் திறந்து காட்டினாலும் கருப்பண்ணனுக்குப் படிக்கத் தெரியாது.

"ஆமாங்க" என்றேன்.

கருப்பண்ணனின் மனைவி அவர் கையை இழுத்தாள், போதும் என்பதுபோல. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி, போனாப் போகுது உடுங்க" என்று என்னை மன்னித்துவிட்டுப் படியிறங்கினார்.